பிளாஸ்டிக் புல்லின் விலை என்ன?

புது வீடு கட்டியாயிற்று. வாசலில் 20 அடிக்கு 20 அடி மண் தரை மிச்சம் இருக்கிறது. அதில் என்ன செய்யலாம்? கணவனும் மனைவியும் யோசிக்கிறார்கள்.

"பச்சைப் பசேல் என்று புல் இருந்தால் எவ்வளவு அழகாக இருக்கும்!" என்கிறாள் மனைவி.

"அழகுதான். தினமும் தண்ணீர் ஊற்றுவது யார்?" என்கிறார் கணவர்.

இந்தச் சமயத்தில் கையில் ஒரு துண்டுச் சுருளுடன் வந்து சேருகிறார், கடைக்காரர்.

"சார், இதற்குத் தண்ணீர் வேண்டாம். உரம் வேண்டாம். வெட்ட ஆள் வேண்டாம். ஒரு தடவை விரித்தால் போதும். சதுர அடி 70 ரூபாய்தான்!"

கணவர் மனக்கணக்குப் போடுகிறார். 400 சதுர அடி. 28 ஆயிரம் ரூபாய். "பரவாயில்லையே!" என்று மனைவியைப் பார்க்கிறார்.

இது ஓர் உதாரண வீடுதான். ஆனால் இந்தப் பேச்சு இன்று பல வீடுகளில் நடக்கிறது. மாடி முகப்பிலும், மொட்டை மாடியிலும், வாசலிலும் பிளாஸ்டிக் புல் வந்துவிட்டது. விலை ஊருக்கு ஊர் மாறும். சரக்குக்குத் தகுந்தபடி கூடும், குறையும். ஆனால் கணக்குப் போடும் முறை மட்டும் மாறாது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தை எடுத்து நீட்டக் கூடாது.

புல் பிறந்த கதை

செயற்கைப் புல் பிறந்த இடம் அமெரிக்கா. நகரத்துப் பிள்ளைகள் ஓடி விளையாட நல்ல இடம் இல்லை என்ற கவலை அங்கே இருந்தது. 1964-ம் ஆண்டில் பிராவிடன்ஸ் என்ற ஊரில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் பெரிய அளவில் இந்தப் புல்லை விரித்தார்கள். அதற்குப் பெயர் 'கெம்கிராஸ்'. தயாரித்தது மான்சான்டோ கம்பெனி.

அதற்கு உலகப் புகழ் வாங்கிக் கொடுத்தது ஒரு கூரைதான்!

ஹூஸ்டன் நகரத்தில் 1965-ல் ஒரு பிரம்மாண்டமான விளையாட்டு அரங்கம் திறந்தார்கள். மைதானம் முழுவதற்கும் மேலே கூரை. உள்ளே நிஜப் புல். புல்லுக்கு வெயில் வேண்டும் அல்லவா? அதனால் கூரையில் ஒளி ஊடுருவும் பலகைகளைப் பதித்தார்கள்.

வந்தது வினை! உயரே போன பந்து, கூரையின் கூச்சத்தில் ஆட்டக்காரர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. உடனே கூரைக்குச் சாயம் பூசினார்கள். பந்து தெரிந்தது. ஆனால் வெயில் இல்லாமல் புல் செத்துப் போயிற்று. செத்த புல்லுக்குப் பச்சைச் சாயம் அடித்து அந்த வருடத்தை ஓட்டினார்கள்!

அடுத்த வருடம், 1966-ல், அங்கே செயற்கைப் புல்லை விரித்தார்கள். அரங்கத்தின் பெயர் ஆஸ்ட்ரோடோம். அதனால் புல்லுக்கும் 'ஆஸ்ட்ரோடர்ப்' என்று பெயர் வந்தது.

பிறகு அது மைதானம் மைதானமாகப் பரவியது. 1976-ம் ஆண்டு மாண்ட்ரீல் ஒலிம்பிக் பந்தயத்தில், முதல் தடவையாக ஹாக்கி ஆட்டத்தைச் செயற்கைப் புல்லில் நடத்தினார்கள். அதற்கு முந்திய வருடம் உலகக் கோப்பையை வென்ற இந்தியா, அங்கே 7-வது இடத்துக்குப் போயிற்று. நிஜப் புல்லிலேயே பழகிய கால்களுக்குப் புதுத் தரை பிடிபடவில்லை என்று அப்போது பலரும் சொன்னார்கள்.

இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. செயற்கைப் புல் பிறந்தது, நிஜப் புல்லால் தாங்க முடியாத இடத்துக்காக. வெயில் படாத இடத்துக்காக. ஆயிரம் கால்கள் மிதிக்கும் இடத்துக்காக. வெயில் கொட்டுகிற, நாலு பேர் மட்டும் நடக்கிற வீட்டு வாசலுக்காக அது பிறக்கவில்லை.

28 ஆயிரம் எப்படி 52 ஆயிரம் ஆகிறது?

இனி பணக் கணக்குக்கு வரலாம்.

கடைக்காரர் சொன்ன 70 ரூபாய், புல்லுக்கு மட்டும்தான். மண்ணின் மேல் அப்படியே விரித்தால் முதல் மழையிலேயே பள்ளமும் மேடும் ஆகிவிடும். களை முளைத்து, புல் விரிப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். ஆகவே மண்ணைத் தோண்ட வேண்டும். ஜல்லியும் கல்தூளும் கொட்டி இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அல்லது சிமெண்டுத் தளம் போட வேண்டும். இதற்குச் சதுர அடிக்கு 40 ரூபாய் என்று வைத்தால் 16 ஆயிரம் ரூபாய்.

அப்புறம் ஒட்டுப் பசை, இணைப்பு நாடா, ஆணி, ஆள் கூலி. புல் நிமிர்ந்து நிற்பதற்கு இடையில் தூவும் மணல் வேறு. இதற்கெல்லாம் சதுர அடிக்கு 20 ரூபாய் என்று வைத்தால் 8 ஆயிரம் ரூபாய்.

28-ம் 16-ம் 44. 44-ம் 8-ம் 52. ஆக மொத்தம் 52 ஆயிரம் ரூபாய்!

"சதுர அடி 70" என்று ஆரம்பித்தது, 130 ரூபாயில் வந்து நிற்கிறது.

நாலு அங்குலத்துக்கு எட்டாயிரம்

இன்னொரு கண்ணியும் உண்டு. இந்தப் புல் துணியைப் போலச் சுருளாக வருகிறது. பெரும்பாலும் சுருளின் அகலம் 2 மீட்டர். அதாவது சுமார் ஆறரை அடி.

20 அடி அகலமுள்ள இடத்துக்கு மூன்று துண்டு போட்டால் எவ்வளவு வரும்? 6 மீட்டர்தான். 20 அடிக்குச் சுமார் 4 அங்குலம் குறைகிறது! அந்த 4 அங்குலத்துக்காக நாலாவது துண்டு வாங்கினால், 525 சதுர அடிக்குப் பணம் கொடுக்க வேண்டும். 125 சதுர அடி வீண். 8,750 ரூபாய் குப்பைக்கு!

கெட்டிக்காரர் என்ன செய்வார்? முதலில் அளவு நாடாவை எடுப்பார். மூன்று துண்டோடு நிறுத்துவார். மிச்ச ஓரத்தில் ஒரு வரிசை செங்கல் பதிப்பார். துண்டுகளை விரிக்கும்போது எல்லா இழைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்று கிழக்கேயும் ஒன்று மேற்கேயும் சாய்ந்தால், ஒட்டுப் போட்ட வேட்டி போலத் தெரியும்.

எத்தனை வருடம் உழைக்கும்?

விலையை விட முக்கியமான கேள்வி இது.

52 ஆயிரம் ரூபாய் போட்ட புல் 10 வருடம் உழைத்தால், மாதச் செலவு 433 ரூபாய். 6 வருடத்திலேயே நைந்து போனால், மாதச் செலவு 722 ரூபாய். அதன் பிறகு தளம் மிஞ்சும். புல்லும் கூலியும் மறுபடி வேண்டும். இன்றைய விலையிலேயே அது 36 ஆயிரம் ரூபாய்.

புல்லின் இழைகள் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன், நைலான் முதலிய பிளாஸ்டிக்கால் ஆனவை. வெயில் பிளாஸ்டிக்குக்கு எதிரி. வெயிலைத் தாங்கும் மருந்து கலந்த சரக்குக்கு விலை அதிகம். கலக்காத சரக்கு சீக்கிரம் வெளுக்கும். தொட்டால் பொடியும். மலிவு என்று வாங்கியவர் இரண்டு தடவை வாங்குவார். விலை கேட்கும்போதே, "வெயிலில் வெளுத்தால் எத்தனை வருடம் வரை மாற்றிக் கொடுப்பீர்கள்? அதை எழுதிக் கொடுப்பீர்களா?" என்று கேட்டுவிட வேண்டும். வாய் வார்த்தை போதாது.

சுடும் புல்!

நிஜப் புல் தன் உடம்பிலிருந்து நீராவியை விடுகிறது. அதனால் குளுமையாக இருக்கிறது. பிளாஸ்டிக் புல்லுக்கு அந்த வித்தை தெரியாது. வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளத்தான் தெரியும்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் இதை அளந்து பார்த்தார்கள். காற்றின் வெப்பம் 98 டிகிரியாக இருந்த நாளில், செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 200 டிகிரி வரை ஏறியது. தண்ணீர் கொதிப்பது 212 டிகிரியில்! பக்கத்தில் இருந்த தார் ரோட்டை விட இந்தப் புல் அதிகமாகச் சுட்டது. தண்ணீர் தெளித்தார்கள். குளிர்ந்தது. ஆனால் சில நிமிடங்களில் பழையபடி சூடேறத் தொடங்கிவிட்டது.

தமிழ்நாட்டின் கத்திரி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 100 டிகிரியைத் தாண்டுவது இங்கே சர்வ சாதாரணம். காலில் செருப்பில்லாமல் தவழும் குழந்தைக்காகத்தான் பெற்றோர் ஆசையாகப் புல் போடுகிறார்கள். அந்தப் பிஞ்சுக் கால்தான் முதலில் சுடுகிறது. குழந்தைக்கு, "இது சுடும்" என்று தெரியாது. பச்சையாக இருப்பதெல்லாம் குளிர்ச்சி என்றுதான் அது நினைக்கும்.

இன்னும் சில ஆபத்துகளும் உண்டு. தீபாவளிக் கம்பி மத்தாப்பின் ஒரு பொறி போதும், கருகிய ஓட்டை விழ. கார்த்திகை விளக்கு சாய்ந்தாலும் அப்படித்தான். எதிர் வீட்டுக் கண்ணாடி ஜன்னலில் பட்டுத் திரும்பும் வெயில்கூட இழைகளை உருக்கிவிடும்.

"பராமரிப்பே வேண்டாம்" என்பதும் முழு உண்மை அல்ல. தூசி படியும். உதிர்ந்த இலையைக் கூட்ட வேண்டும். படுத்துவிட்ட இழையைத் துடைப்பத்தால் நிமிர்த்த வேண்டும். வீட்டில் நாய் இருந்தால், அடிக்கடி கழுவாவிட்டால் நாற்றம் எடுக்கும். மண்ணாக இருந்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

52 ஆயிரம் லிட்டர்

"தண்ணீர் மிச்சம்" என்பதுதான் கடைக்காரரின் பெரிய வாதம். அதில் நியாயம் இருக்கிறது. கோடையில் 400 சதுர அடி நிஜப் புல்லைப் பசுமையாக வைக்க, நாள் ஒன்றுக்குச் சுமார் 185 லிட்டர் தண்ணீர் வேண்டும். 12 குடம்! குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில், புல்லுக்கு 12 குடம் ஊற்றுவது தர்மம் அல்ல.

அமெரிக்காவில் பாலைவன நகரமான லாஸ் வேகாசில், புல்லைப் பெயர்த்தெடுப்பவர்களுக்கு அதிகாரிகள் பணமே கொடுத்தார்கள். 2021-ல் நெவாடா மாநிலம், ரோட்டு நடுவிலும் கட்டிடங்களின் முன்னாலும் அழகுக்காக மட்டும் வளரும் புல்லுக்கு, 2026 முடிவோடு கொலராடோ ஆற்றுத் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்று சட்டமே போட்டது.

ஆகவே பெரிய புல்தரை என்பது இந்த மண்ணுக்கு ஏற்ற ஆடம்பரம் அல்ல. ஆனால் அதற்கு மாற்று பிளாஸ்டிக்தானா?

சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 400 சதுர அடி வாசலில் மட்டும் விழும் மழை, வருடத்துக்கு 52 ஆயிரம் லிட்டர்! அதில் கொஞ்சம் ஆவியாகும். கொஞ்சம் ஓடும். மீதி மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கும் ஆழ்துளைக்கும் போகும். வாசலுக்குச் சிமெண்டுத் தளம் போட்டு, மேலே புல் விரித்தால் என்ன ஆகும்? அத்தனை தண்ணீரும் தெருவுக்குத்தான் போகும். 52 ஆயிரம் ரூபாய் கொடுத்து, 52 ஆயிரம் லிட்டரை விரட்டுவது என்ன கணக்கு?

2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. வீடு வீடாகக் குழி தோண்டினார்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் போக இடமில்லாமல் சென்னை மூழ்கியது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ளத்தையும் வறட்சியையும் நாலே வருடத்தில் பார்த்த ஊர் அது. அந்த ஊரில் திறந்த மண் ஒரு சொத்து. அதை மூடுவது, உண்டியலின் வாயை அடைப்பது போல.

மஞ்சப்பையும் பிளாஸ்டிக் புல்லும்

2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2021-ல் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசு இயக்கம் நடத்தியது. கடைக்குத் துணிப்பை கொண்டு போகும் குடும்பங்கள் இன்று ஏராளம். நல்ல காரியம்.

இப்போது ஒரு கணக்கு. சதுர மீட்டருக்கு 2 கிலோ என்று வைத்தால், 400 சதுர அடிப் புல்லின் எடை 74 கிலோ. ஒரு பிளாஸ்டிக் பை 5 கிராம் என்றால், இது 14,800 பைகளுக்குச் சமம்! வாரம் ஐந்து பை மிச்சம் பிடிக்கும் குடும்பம், இந்த ஒரு புல்லை ஈடு கட்ட சுமார் 57 வருடம் மஞ்சப்பை தூக்க வேண்டும்!

நைந்த புல்லை யாரும் எடைக்கு எடுக்க மாட்டார்கள். இழை ஒரு பிளாஸ்டிக், அடிப்பாகம் வேறொரு பிளாஸ்டிக், நடுவில் பசை, மணல். பிரித்தெடுப்பது பெரும்பாடு. கடைசியில் அது போகும் இடம் குப்பை மேடுதான். அதற்குள் தேய்ந்து உதிர்ந்த இழைத் துகள்கள் மழையோடு சாக்கடைக்கும் ஆற்றுக்கும் போய்விட்டிருக்கும்.

வெளிநாடுகளிலும் விழித்துக்கொண்டார்கள். லண்டனில் நடக்கும் புகழ் பெற்ற செல்சி மலர்க் கண்காட்சியில், 2022-ல் செயற்கைப் புல்லுக்குத் தடை போட்டார்கள். 2023-ல் கலிபோர்னியா மாநிலம், தங்கள் ஊரில் இதைத் தடுக்க விரும்பும் நகரசபைகளுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. செயற்கை மைதானங்களில் தூவும் பிளாஸ்டிக் குருணையின் விற்பனையைப் படிப்படியாக நிறுத்த, ஐரோப்பிய ஒன்றியம் அதே 2023-ல் விதி செய்தது.

எங்கே போடலாம்?

அப்படியானால் பிளாஸ்டிக் புல்லே கூடாதா? அப்படியும் சொல்லிவிட முடியாது.

மண்ணே இல்லாத அடுக்கு மாடி வீட்டில், நிழலான சின்ன முகப்பில் விரித்துக்கொள்ளலாம். அங்கே மூடுவதற்கு மண் இல்லை. ஐம்பது, அறுபது சதுர அடி போதும். பசை போட்டு ஒட்டாமல் விரித்தால், தூக்கி உதறிக் கழுவலாம். வீடு மாறும்போது சுருட்டிக்கொண்டும் போகலாம். தண்ணீர் போகும் துளையை மட்டும் மூடக் கூடாது. மூடினால் தண்ணீர் தேங்கி, கீழ் வீட்டுக் கூரையில் ஒழுகும். கொசுவுக்கும் கொண்டாட்டம்.

நூறு பிள்ளைகள் தினமும் மிதிக்கும் விளையாட்டுத் திடலுக்கும் அது பொருந்தும். அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு ஆடுவதற்கு.

மொட்டை மாடியில் யோசித்துத்தான் போட வேண்டும். அங்கே வெயில் நேராக விழுகிறது. வடாம் காய்வதற்கும் துணி உலர்த்துவதற்கும் புல் தேவையில்லை.

திறந்த மண் உள்ள வாசலில் மட்டும் போடவே கூடாது.

காலடியில் இருக்கும் புல்

வாசலுக்கு என்ன செய்யலாம்? வழி பக்கத்திலேயே இருக்கிறது.

பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகம்புல்லை எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் 'பெர்முடா புல்' என்று பெயர் வைத்து, காசு கொடுத்து வாங்கி வளர்ப்பது அதே அறுகைத்தான்! வறட்சியைத் தாங்கும். காய்ந்தாலும் வேர் சாகாது. ஒரு மழை பெய்தால் மறுபடி துளிர்க்கும். 400 சதுர அடிக்கும் வேண்டாம். 50 சதுர அடியில் குழந்தை விளையாட ஒரு திட்டு போதும். துணி அலசிய கடைசித் தண்ணீரிலேயே பாதி நாள் ஓடிவிடும்.

மீதி இடத்தில் ஒரு வேம்பு, ஒரு முருங்கை, ஓரத்தில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும். நடுவில் நடக்க நாலு கல். கோலம் போட ஒரு திண்டு. இவற்றுக்கு ஆகும் செலவு, பிளாஸ்டிக் புல்லின் ஒட்டுப் பசைக்குக்கூட வராது. வேம்பு வளர வளர வீட்டுக்கு நிழல் தரும். முருங்கை குழம்புக்குக் காய் தரும். பிளாஸ்டிக் புல் வருடா வருடம் மதிப்புக் குறையும். மரம் வருடா வருடம் மதிப்புக் கூடும்.

அந்த உதாரண வீட்டுக்கே திரும்பலாம். கடைக்காரர் துண்டைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். உள்ளேயிருந்து பாட்டி வருகிறாள். துண்டை வாங்குகிறாள். வெயிலில் கால் மணி நேரம் வைக்கிறாள். பிறகு மகனைக் கூப்பிடுகிறாள்.

"இதில் உன் உள்ளங்கையை வைத்துப் பாருப்பா. உன் கை தாங்கினால், அப்புறம் பேரன் காலை வைக்கலாம்."

வாங்க நினைக்கும் ஒவ்வொரு குடும்பமும் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது. இதற்கு ஒரு காசும் செலவில்லை!